ஒரே ஒரு சாம்ப்ளர் வாங்குவதென்றால்: எம்பிசி ஒன், எஸ்பி-404 எம்கே2, டிஜிடாக்ட் ஆகியவற்றில் எது?

நள்ளிரவுத்தாளம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக மடிக்கணினியில் பீட் செய்து வருகிறேன். நிமிடத்துக்கு 85 முதல் 95 அடி வரையிலான வேகத்தில் ஓடும் பழைய பாணி ஹிப்ஹாப்தான் எனக்குப் பிடித்தது. நாள் முழுவதும் அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்துவிட்டு, இரவில் இசைக்காகவும் அதே திரையைத் திறப்பது சலித்துவிட்டதால், கணினியே தேவைப்படாத ஒரு சாம்ப்ளரை (ஒலித்துண்டுகளைப் பதிந்து, வெட்டி, தாளத்தில் ஒலிக்கவிடும் கருவியை) வாங்க நினைக்கிறேன். இரண்டு வாங்கும் வசதி இல்லை.

அகாய் எம்பிசி ஒன், ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2, எலெக்ட்ரான் டிஜிடாக்ட் ஆகிய மூன்றும் என் பட்டியலில் உள்ளன. டிஜிடாக்டில் பழையதா, இரண்டாம் பதிப்பா என்பதையும் இன்னும் முடிவு செய்யவில்லை. என் மூலப்பொருள் இரண்டு வகைப்படும். ஒன்று, வீட்டில் இருக்கும் இசைத்தட்டுகள். மற்றொன்று, நானே வாசித்துப் பதியும் கஞ்சிராவும் பேஸ் கிட்டாரும். காணொளிகளில் மூன்றையும் ஒரே அளவு புகழ்கிறார்கள். நினைவகம், தடங்களின் எண்ணிக்கை, எஃபெக்டுகளின் எண்ணிக்கை என்று அட்டவணை போடுகிறார்கள். அந்த அட்டவணையை வைத்து என்னால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை.

நினைவகத்தின் அளவு உண்மையிலேயே முக்கியமா? ஒலியைக் குறைந்த நுணுக்கத்தில் பதியும் பழைய 12 பிட் கருவிகளின் ஒலிக்காக அவற்றையே தேடிப் போவதில் பொருள் உண்டா? கையால் தட்டும்போது வரும் அசைவை எந்தக் கருவி கெடுக்காமல் வைத்துக்கொள்ளும்? பயன்படுத்தியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மெல்லினம்

அட்டவணையைத் தள்ளி வையுங்கள். இந்த மூன்று கருவிகளும் வேறுபடுவது ஒரே ஓர் இடத்தில்தான். நீங்கள் செய்த ஒன்றை இனி மாற்ற முடியாது என்ற நிலைக்கு உங்களை எவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்து நிறுத்துகின்றன என்பதே அந்த வேறுபாடு.

எம்பிசி ஒன் 2020இல் வந்தது. விரலால் தட்டும் பேடுகளை 4க்கு 4 என்று வைக்கும் அமைப்பு, டிரம் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் வெளிவந்த எம்பிசி60 முதல் தொடர்ந்து வரும் அமைப்புதான். ஆனால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு முழுக் கணினி. ஏழு அங்குலத் தொடுதிரையில் அலைவடிவத்தைப் பார்த்தபடி வெட்டலாம், வெட்டிய துண்டுகளைப் பேடுகளில் பரப்பலாம், தட்டிப் பதிந்த ஒவ்வோர் அடியையும் பிறகு எடுத்து நகர்த்தலாம், ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் கிக்கின் ஒலியளவை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். எதுவும் இறுகிவிடுவதில்லை. இது பெரிய வசதி. ஆனால் திரையிலிருந்து தப்பிக்க நினைப்பவருக்கு இது இன்னொரு திரை என்பதையும் மறக்க வேண்டாம். இதில் உள்மின்கலம் இல்லை. இசைத்தட்டுச் சுழலியை நேரடியாக இணைக்கும் ஃபோனோ உள்ளீடும் இல்லை. எனவே உங்கள் சுழலியில் முன்பெருக்கி இல்லாவிட்டால் அதைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பின்னர் வந்த ஒன் பிளஸ்ஸில் வைஃபையும் புளூடூத்தும் கூடுதல் சேமிப்பும் சேர்ந்தன; பீட் செய்யும் முறை மாறவில்லை.

எஸ்பி-404 எம்கே2 முற்றிலும் வேறு மனப்போக்கு உடையது. 2005இல் வந்த முதல் எஸ்பி-404இன் வழித்தோன்றலாக 2021இல் வந்த இதில், வேலையின் உயிர்நாடி ரீசாம்ப்ளிங். ஒரு லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டை) ஓடவிட்டு, அதன்மேல் எஃபெக்ட் போட்டு, அந்தத் திருகியைத் திருகியபடியே முழுவதையும் வேறொரு பேடில் புதிய சாம்பிளாகப் பதிகிறோம். பிறகு அதன்மேல் டிரம், மறுபடி ஒரு பதிவு. மூன்றாவது சுற்றில் டிரம் அதிகமாகிவிட்டது என்று தோன்றினால் ஒன்றும் செய்ய முடியாது. முந்தைய பேடுக்குத் திரும்பிப் போய் மீண்டும் செய்ய வேண்டும். ஆனால் அந்த ஒட்டலில்தான் இந்தக் கருவியின் ஒலி பிறக்கிறது: லூப்பும் டிரம்மும், ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் ஒரே கம்ப்ரசருக்குள் சேர்ந்து நசுங்கி, ஒரே துண்டாக வெளியே வருகின்றன. பழைய எஸ்பி-303, 404 ஆகியவற்றின் வினைல் சிம் (இசைத்தட்டின் ஒலியைப் போலச் செய்யும்) எஃபெக்டுகள் இரண்டையும் இதில் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். காசெட் ஒலியைப் போலச் செய்யும் எஃபெக்டும் உண்டு. ஆறு ஏஏ மின்கலங்களில் ஓடுவதால் மொட்டைமாடியிலும் வேலை செய்யலாம்.

டிஜிடாக்டில் தட்டுவதைவிட அடுக்குவதே இயல்பு. 16 பொத்தான்களில் படிப்படியாக அடிகளை வைத்து, ஒவ்வொரு படிக்கும் சுருதி, ஃபில்டர், நீளம் ஆகியவற்றைத் தனித்தனியே பூட்டி வைக்கலாம். சாம்பிளையே படிக்குப் படி மாற்றலாம். 2017இல் வந்த முதல் பதிப்பில் எட்டு ஒலித்தடங்கள், எல்லாம் மோனோ. 2024இல் வந்த இரண்டாம் பதிப்பில் 16 தடங்கள், ஸ்டீரியோவும் உண்டு. இசைத்தட்டிலிருந்து எடுக்கும் பகுதியின் அகலம் உங்களுக்கு முக்கியம் என்றால் இந்த ஒரு வேறுபாடே இரண்டாம் பதிப்பைத் தேர்ந்தெடுக்கப் போதுமானது.

உங்கள் கஞ்சிராவை எடுத்துப் பாருங்கள். தோலில் நீர் தடவி, இடக்கை விரல்களால் அழுத்தி வளைக்கும் அந்தக் கும்கியில் ஒவ்வோர் அடியும் வெவ்வேறு. ஒரே அடியைப் பதிந்து பதினாறு முறை ஒலிக்கவிட்டால் கேட்பவருக்கு உடனே பொய் தெரிந்துவிடும். எம்பிசியில் ஒரே பேடுக்குள் நான்கு வெவ்வேறு அடிகளை அடுக்கி, தட்டும்தோறும் மாறி மாறி ஒலிக்கச் செய்யலாம். டிஜிடாக்டில் எந்தப் படியில் எந்த அடி என்று நீங்களே குறித்து வைக்கலாம். எஸ்பியில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பேடை ஒதுக்கிவிட்டு விரல்களை நம்ப வேண்டியதுதான். தாளவாத்தியம் வாசிக்கும் கை உங்களுக்கு ஏற்கெனவே இருப்பதால் மூன்றாவது வழி நீங்கள் நினைப்பதைவிட எளிதாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நினைவகத்தைப் பற்றி: பழைய டிஜிடாக்டில் ஒரு திட்டத்துக்கு 64 மெகாபைட் என்று கேட்டவுடன் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் அது ஏறத்தாழ 11 நிமிடம். நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் நான்கு பார் (ஒரு பாருக்கு நான்கு அடி) கொண்ட ஒரு லூப் 11 வினாடியைக்கூட எட்டாது. முழுப் பாடலையும் உள்ளே கொட்டிவிட்டுப் பிறகு தேடலாம் என்ற பழக்கம் இல்லாதவருக்கு இது தாராளம்.

டேப்காரன்

மெல்லினம் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். 12 பிட் பற்றிய கேள்விக்கும் கையசைவு பற்றிய கேள்விக்கும் நான் பதில் சொல்லலாம்.

1987இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200, 12 பிட்டில் 26.04 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பதிந்தது. மொத்த நினைவகம் சுமார் 10 வினாடி. ஒரு சாம்பிளுக்கு அதிகபட்சம் 2.5 வினாடி. நிமிடத்துக்கு 90 அடி என்றால் ஒரு பார் 2.67 வினாடி, அதாவது ஒரே ஒரு பாரைக்கூட அந்தக் கருவி முழுதாக விழுங்காது. ஆகவே நியூயார்க்கில் அதை வைத்து வேலை செய்தவர்கள் 33 சுழற்சி இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிந்தார்கள். அந்தப் பார் 1.98 வினாடிக்குள் அடங்கிவிடும். பிறகு கருவிக்குள் ஐந்து அரைச்சுரங்களுக்குச் சற்று அதிகமாகக் கீழே இறக்கினால் பழைய வேகம் திரும்பிவிடும். அப்படி இறக்கும்போது அந்தக் காலத்து எளிய கணக்கீடு உயர் அலைவரிசைகளில் விட்டுச்செல்லும் கரகரப்பைத்தான் இன்று எல்லோரும் 12 பிட் ஒலி என்று கொண்டாடுகிறார்கள். அதில் பிட் எண்ணிக்கையின் பங்கு ஒன்று. குறைந்த பதிவு வேகத்தின் பங்கும் சுருதி இறக்கிய முறையின் பங்கும் அதைவிடப் பெரியவை. எட்டு வெளியீடுகளில் முதல் இரண்டில் அசையும் அனலாக் ஃபில்டரும், கடைசி இரண்டில் ஃபில்டரே இல்லாத நிலையும் இருந்ததால், எந்த ஒலியை எந்தத் துளை வழியாக வெளியே அனுப்புகிறோம் என்பதுகூட ஒலியமைப்பின் பகுதியாக இருந்தது.

இதற்காகப் பழைய கருவியைத் தேடிப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டியலில் உள்ள மூன்றிலுமே பிட் குறைக்கும் வசதி உண்டு. இசைத்தட்டை வேகமாக ஓடவிட்டுப் பதிந்து உள்ளே இறக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் முக்கால்வாசி தூரம் வந்துவிடலாம். மீதமுள்ள கால்வாசிக்காகப் பல மடங்கு விலை கொடுப்பது சேகரிப்பாளர்களின் மகிழ்ச்சி. அதை நான் குறை சொல்லவில்லை.

அடுத்து அசைவு. ரோஜர் லின்னின் கருவிகளில் ஸ்விங் என்பது மந்திரம் அல்ல. ஒவ்வொரு ஜோடிப் பதினாறாம் அடியிலும் இரண்டாவதைச் சற்றுத் தாமதப்படுத்துவது. நிமிடத்துக்கு 90 அடி என்றால் அந்த ஜோடி 333 மில்லி வினாடி. 50 சதவீதத்தில் இரண்டாவது அடி சரிநடுவில், 167இல் விழும். 54 சதவீதத்தில் அது 180இல் விழும். வெறும் 13 மில்லி வினாடித் தாமதம், ஆனால் விறைப்பு போய்விடும். 62இல் தாமதம் 40 மில்லி வினாடி. 66ஐ எட்டும்போது கிட்டத்தட்டத் திஸ்ர நடை ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கை எந்தக் கருவியும் செய்யும்.

எம்பிசி ஒரு அடியை 960 பகுதிகளாகப் பிரிக்கிறது, டிஜிடாக்டின் நுண்நகர்த்தல் மிகவும் தடிப்பானது என்ற குற்றச்சாட்டை அடிக்கடி படிக்கிறேன். டிஜிடாக்டில் ஒரு படியை நகர்த்தும் மிகச் சிறிய அலகு நான்கு அடி நீளமுள்ள முழுச்சுரத்தில் 384இல் ஒரு பங்கு. அதாவது ஒரு அடிக்கு 96 பகுதிகள். 90 வேகத்தில் சுமார் 7 மில்லி வினாடி. எம்பிசி60க்கும், 1994இல் வந்த எம்பிசி3000க்கும் இருந்த நுணுக்கமும் இதே 96தான். ஹிப்ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா பயன்படுத்திய எம்பிசி3000 இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அசைவெல்லாம் இந்தக் கட்டத்துக்குள்தான் பிறந்தது என்னும்போது, நம் பீட் ஆடாததற்குக் கட்டத்தைக் குறை சொல்வது பொருந்தாது. டில்லா குவான்டைஸை (அடிகளைத் தானாகக் கட்டத்தில் ஒட்டவைக்கும் வசதியை) அணைத்துவிட்டார், அவ்வளவுதான் என்று சுருக்கிச் சொல்வதும் சரியல்ல. ஸ்னேரைச் சற்று முன்னே தள்ளி, ஹைஹேட்டுக்கு ஒரு ஸ்விங்கும் மற்றவற்றுக்கு வேறொன்றுமாக, ஒன்றுக்கொன்று இசையாத நேரங்களை வேண்டுமென்றே மோதவிட்டதுதான் அவருடைய பாணி. அதைச் செய்ய ஒவ்வோர் ஒலியையும் தனியாக நகர்த்தும் வசதி தேவை. அது எம்பிசியிலும் டிஜிடாக்டிலும் எளிது. எஸ்பியில் கையால் வாசித்து வரவழைப்பதே இயல்பு.

இரண்டாம்காலம்

பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்வதற்கு மன்னிக்கவும். டீனேஜ் எஞ்சினியரிங் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஈபி-133 கேஓ2, உங்கள் மூன்றையும்விட மலிவு. நான்கு ஏஏஏ மின்கலங்களில் ஓடும், கைப்பையில் அடங்கும். வெளியானபோது அதில் 64 மெகாபைட் நினைவகமே இருந்தது. ஆனால் டிரம், பேஸ், சுரம், லூப் என்று நான்கு பிரிவுகளாகப் பேடுகளைப் பிரித்து, பகுதி பகுதியாகப் பாடலை வளர்க்கும் முறை மிகத் தெளிவானது. கணினியை விட்டு விலகுவது மட்டுமே நோக்கம் என்றால், பெரிய செலவுக்கு முன் இதில் பழகிப் பார்க்கலாம். பேடுகள் கணக்குப்பொறியின் பொத்தான்களைப் போல இருப்பதால் கஞ்சிரா வாசிக்கும் விரல்களுக்கு நிறைவு தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நள்ளிரவுத்தாளம்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. நேரத்தைப் பற்றிய கணக்கு எனக்குப் புதிது. 7 மில்லி வினாடிக் கட்டத்துக்குள்தான் அந்தப் பழைய பதிவுகள் எல்லாம் செய்யப்பட்டன என்பதை அறிந்தபின் ஓர் அச்சம் தீர்ந்தது.

மெல்லினம் கேட்காமல் விட்ட இரண்டு தகவல்களைச் சேர்க்கிறேன். முதலாவது, என் கணினியில் நான்கு பார் லூப்புகள் குவிந்து கிடக்கின்றன. முழுமையாக முடிந்த பாடல்கள் மிகக் குறைவு. ஏதாவது ஒன்றை இன்னும் கொஞ்சம் சரிசெய்யலாம் என்ற எண்ணத்திலேயே இரவு போய்விடுகிறது. இரண்டாவது, ஒரு நண்பர் என் பீட்டுகளில் ராப் பாடுகிறார். அவருக்குக் கிக், ஸ்னேர், பேஸ் எல்லாவற்றையும் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. குரல் பதிவும் கலவையும் வேறொருவரின் ஸ்டூடியோவில் நடக்கின்றன. இந்த இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

மெல்லினம்

ஆம், எதிரெதிர்தான். தனித்தடங்கள் தேவை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் எம்பிசி ஒன்னில் பேச்சே இல்லை: ஒவ்வொரு தடத்தையும் கருவிக்குள்ளேயே தனிக் கோப்பாக எழுதி, அட்டையிலோ பென் டிரைவிலோ எடுத்துக் கொடுத்துவிடலாம். டிஜிடாக்ட் என்றால் ஓவர்பிரிட்ஜ் மென்பொருள் வழியாகத் தடங்களைத் தனித்தனியே கணினியில் பதியலாம். ஆனால் அதற்குக் கணினியைத் திறக்க வேண்டும். எஸ்பியில் மூன்று சுற்று ரீசாம்ப்ளிங் செய்தபின் கிக்கை மட்டும் கேட்டால் கொடுக்க இயலாது, ஏனென்றால் கிக் என்று தனியாக ஒன்று அங்கே இல்லை.

ஆனால் உங்களுடைய உண்மையான சிக்கல் முதலாவது என்று நினைக்கிறேன். எதையும் எப்போதும் மாற்றலாம் என்ற சூழலில் முடிக்காமல் இருப்பவருக்கு, அதே சூழலைச் சிறிய பெட்டியில் அடைத்துக் கொடுப்பது எம்பிசி. இரவு முழுவதும் ஸ்னேரின் வாலைச் சீவிக்கொண்டிருக்க அதில் எல்லா வசதியும் உண்டு. எஸ்பி உங்களை அப்படி இருக்கவிடாது. ரீசாம்பிள் செய்த கணத்திலேயே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது; அடுத்த வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் நண்பரிடம் ஒன்றைக் கேளுங்கள். ராப்புக்கான பீட்டில் அவருக்கு உண்மையிலேயே எத்தனை தடங்கள் வேண்டும்? குரல் கலவை செய்பவர்கள் பெரும்பாலும் கேட்பது டிரம் ஒன்று, பேஸ் ஒன்று, மற்றதெல்லாம் சேர்ந்து ஒன்று, அவ்வளவுதான். அது போதுமென்றால் எஸ்பியிலும் ஓர் ஒழுங்கைப் பின்பற்றலாம். லூப்பையும் அதன் எஃபெக்டுகளையும் ரீசாம்பிள் செய்து இறுக்கிவிடுங்கள். டிரம்மையும் பேஸையும் அதற்குள் ஒட்டாமல் பேட்டர்னில் தனிப் பேடுகளாக வைத்திருங்கள். பாடல் முடிந்தபின் மற்றவற்றை மௌனமாக்கி, மூன்று முறை முழு நீளத்துக்கும் ஓடவிட்டுப் பதிந்தால் மூன்று கோப்புகள் கிடைத்துவிடும். பொறுமை வேண்டும், ஆனால் பாடல் முடிந்த பிறகு தேவைப்படும் பொறுமை அது. என் வாக்கு எஸ்பிக்கு. மாறாக, பதினைந்து தடங்களைக் கேட்கும் ஸ்டூடியோவாக இருந்தால் தயங்காமல் எம்பிசியை வாங்குங்கள்.

டேப்காரன்

எஸ்பிக்குச் சாய்கிறீர்கள் என்றால் ஸ்விங் பற்றி நான் எழுதியதற்கு ஒரு சேர்க்கை. லூப்பை இறுக்கும்போதே அதன் அசைவும் இறுகிவிடும். எனவே முதல் ரீசாம்ப்ளிங்குக்கு முன் கஞ்சிராவை அந்த லூப்போடு சேர்த்துக் கையால் சில சுற்றுகள் வாசித்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் குவான்டைஸ் செய்வதற்குப் பதிலாக லூப்பின் தொடக்கப் புள்ளியைச் சில மில்லி வினாடி நகர்த்துங்கள். பல நேரங்களில் சிக்கல் கையில் இருக்காது, வெட்டிய இடத்தில் இருக்கும்.

சுருதிப்பெட்டி

எதை வாங்கினாலும் பழையதாக வாங்கும் எண்ணம் இருந்தால் சிலவற்றை நேரில் சோதியுங்கள். எல்லாப் பேடுகளையும் மிக மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பலமாகத் தட்டினால் பழுதான பேடும் ஒலிக்கும், மெதுவாகத் தட்டும்போதுதான் உணர்திறன் போனது தெரியும். ஒரே தட்டலில் இரண்டு முறை ஒலிக்கிறதா என்றும் கவனியுங்கள். எஸ்பி என்றால் எஃபெக்டுகளை இயக்கும் திருகிகளைச் சுழற்றும்போது மதிப்பு தாவுகிறதா, எம்பிசி என்றால் தொடுதிரையின் நான்கு மூலைகளும் விரலை உணர்கின்றனவா, டிஜிடாக்ட் என்றால் எட்டு என்கோடர்களும் சீராக எண்ணுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விற்பவர் முன்னிலையிலேயே ஒரு சாம்பிளைப் பதிந்து, சேமித்து, கருவியை அணைத்து மீண்டும் இயக்கி, அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

12 பிட் ஆசை என்றாவது மீண்டும் தலைதூக்கினால் இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரும் பழைய கருவிகளில் மின்வழங்கி உள்ளேயே இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கானது 120 வோல்ட்டுக்கும் ஜப்பானியச் சந்தைக்கானது 100 வோல்ட்டுக்கும் அமைந்தது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அதோடு முடிந்தது. பின்புறத்தில் மின்னழுத்தம் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்பி டிரைவ் உள்ள கருவி என்றால் அதற்குப் பதிலாக யுஎஸ்பி எமுலேட்டர் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். நல்ல ஃபிளாப்பிகள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

நள்ளிரவுத்தாளம்

நண்பரிடம் கேட்டேன், டிரம், பேஸ், மற்றவை என்று மூன்று கோப்புகள் போதும் என்றார். எஸ்பி-404 எம்கே2 வாங்கப்போகிறேன். சுழலிக்கான முன்பெருக்கி இதற்கும் தேவைப்படும் அல்லவா?

மெல்லினம்

தேவைப்படும். அதன் உள்ளீடும் லைன் அளவுக்கானதுதான், ஃபோனோ இல்லை. உங்கள் சுழலியின் பின்புறத்தில் ஃபோனோ, லைன் என்று மாற்றும் சிறிய ஸ்விட்ச் இருந்தால் அதை லைனில் வைத்து நேரடியாக இணைத்துவிடலாம். முதலில் அதைப் பாருங்கள். பேஸ் கிட்டாருக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், மைக் மற்றும் கிட்டாருக்கான உள்ளீடு எஸ்பியிலேயே இருக்கிறது. கஞ்சிராவுக்கு டைனமிக் மைக் வைத்திருந்தால் அதே உள்ளீட்டில் போடலாம்; கண்டென்சர் மைக் என்றால் அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் இதில் வராது.